புரையின் அளவும் பார்வையின் அளவும்: வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவரின் பதில்கள்

கண்புரை பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்து சேர்ந்த கடிதங்களில் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டவை குறைவு. அதற்கு முன்னால் நடக்கும் பரிசோதனைகளில் எதைப் பார்க்கிறார்கள், எதை எழுதுகிறார்கள், ஏன் இத்தனை முறை பார்க்கிறார்கள் என்று கேட்டவையே மிகுதி. ஆகவே இம்முறை பதில்கள் அனைத்தும் புரையை ஆராய்வதையும் அளவிடுவதையும் பற்றியே அமைகின்றன.

கேள்வி: இரண்டு மாத இடைவெளியில் இரண்டு கண் மருத்துவர்களிடம் காட்டினேன். ஒருவர் என் வலது கண்ணில் இரண்டாம் கிரேடு புரை என்று எழுதினார். மற்றவர் மூன்று என்று எழுதியிருக்கிறார். இரண்டு மாதத்தில் புரை அவ்வளவு வளருமா? அல்லது ஒருவர் தவறாகச் சொல்கிறாரா?
— பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 67

பதில்: இரண்டுமே இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரே விடைத்தாளை இரண்டு பேர் திருத்தினால் மதிப்பெண் ஒன்றுபோல் வராது என்பது ஆசிரியராக இருந்த உங்களுக்குத் தெரியாததல்ல. புரைக்குப் போடும் கிரேடும் ஏறக்குறைய அப்படிப்பட்ட மதிப்பெண்தான். அதை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்கள் குழப்பம் தீரும்.

முகவாயை வைத்து, நெற்றியை ஒட்டி உட்காரச் சொல்லும் அந்தக் கருவிக்கு ஸ்லிட் லேம்ப் என்று பெயர். ஒளியை அகலமாகப் பாய்ச்சாமல் மெல்லிய கீற்றாக்கிச் சாய்வாகக் கண்ணுக்குள் செலுத்துவதே அதன் சூட்சுமம். இருண்ட அறைக்குள் சன்னல் இடுக்கின் வழியாக விழும் வெயில் கீற்றில் தூசி மிதப்பது தெரிவதைப் போல, அந்தக் கீற்றின் பாதையில் எங்கெல்லாம் கலங்கல் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒளி சிதறி மருத்துவரின் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. கண்ணின் ஒளியியல் குறித்த ஆய்வுக்காக 1911ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் நாட்டு ஆல்வார் குல்ஸ்ட்ரான்ட், அதே ஆண்டில் இந்தக் கீற்றொளி விளக்கை அறிமுகப்படுத்தினார். உயிருள்ள கண்ணின் லென்ஸை, கத்தி படாமல், குறுக்கே வெட்டிப் பார்த்தது போல அடுக்கடுக்காகக் காண வழி பிறந்தது அப்போதுதான்.

அந்த லென்ஸ் ஏறக்குறைய 9 முதல் 10 மில்லிமீட்டர் குறுக்களவும் 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ளது. வெளியே மெல்லிய உறை, அதனுள் புறணி, நடுவில் மையக்கரு. வயதில் வரும் புரை இந்த அடுக்குகளில் எதில் தோன்றுகிறது என்பதைப் பொறுத்து மூன்று வகைப்படும். மையக்கரு மஞ்சளாகி இறுகுவது ஒன்று. புறணியில் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெண்கோடுகள் நீள்வது ஒன்று. பின்பக்க உறையை ஒட்டி, பார்வைப் பாதையின் நட்டநடுவில் துகள் துகளாகப் படிவது ஒன்று. ஒரே கண்ணில் மூன்றும் கலந்திருப்பதும் உண்டு.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். ஆராய்ச்சிகளில் பெரிதும் பயன்படும் அளவுகோல், லியோ சைலாக்கும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட லாக்ஸ் 3 என்பது. அதில் மையக்கருவின் கலங்கலுக்கும் நிறத்துக்கும் ஆறு மாதிரிப் படங்களும், புறணிப் புரைக்கு ஐந்தும், பின்னுறைப் புரைக்கு ஐந்தும் வரிசையாக இருக்கின்றன. உங்கள் கண்ணை அந்தப் படங்களோடு ஒப்பிட்டு, இரண்டு படங்களுக்கு இடைப்பட்டதாகத் தோன்றினால் 2.4 என்றோ 2.7 என்றோ பின்னத்தில் எழுத வேண்டும். ஆனால் நாள்தோறும் ஏராளமானோரைப் பார்க்கும் மருத்துவர் படங்களை எதிரே வைத்துக்கொண்டு பின்னத்தில் எழுதுவதில்லை. மனத்தில் பதிந்த மாதிரியை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முழு எண்ணாகவே எழுதுகிறார். 2.5 அளவுள்ள ஒரு புரையை ஒருவர் இரண்டாகவும் மற்றவர் மூன்றாகவும் எழுதினால் இருவர் மீதும் பிழையில்லை. மேலும் உலக சுகாதார நிறுவனத்தின் எளிமைப்படுத்திய அளவுகோல் வேறு, லாக்ஸ் வேறு என்பதால், எந்த அளவுகோல் என்று குறிப்பிடாத எண்ணை மற்றொரு எண்ணோடு ஒப்பிடுவதே பொருந்தாது. புரை வளர்கிறதா என்று அறிய விரும்பினால், ஒரே இடத்தில், ஒளி கண்ணுக்குள் புகும் நடுத் துவாரமான கண் பாப்பாவை மருந்தால் விரித்த பிறகு, முடிந்தால் படமும் எடுத்து, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையில் 6/9 வரி வரை வாசித்துவிட்டேன். பார்வை நன்றாகவே இருக்கிறது என்றார்கள். ஆனால் இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பட்டால் எனக்குச் சாலையே தெரிவதில்லை. வெயிலில் எதிரே வருபவரின் முகம் கரைந்துபோகிறது. நான் மிகைப்படுத்துகிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள்.
— வாகன ஓட்டுநர், வயது 54

பதில்: நீங்கள் மிகைப்படுத்தவில்லை. உங்களிடம் நடத்திய சோதனை உங்கள் குறையைத் தேடும் சோதனையே அல்ல.

எழுத்துப் பலகை, டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வகுத்தது. வெள்ளைப் பின்னணியில் கறுத்த எழுத்து, அளவான வெளிச்சம், எதிரே கூசும் ஒளி ஏதும் கிடையாது. இத்தனை சாதகமான சூழலில் எவ்வளவு சிறிய எழுத்தை வாசிக்க முடிகிறது என்பதை மட்டும் அது சொல்லும். 6/9 என்றால், நல்ல பார்வையுள்ளவர் 9 மீட்டரில் வாசிப்பதை நீங்கள் 6 மீட்டரில் வாசிக்கிறீர்கள் என்று பொருள். ஆனால் வாழ்க்கை கறுப்பு எழுத்தும் வெள்ளைப் பலகையுமாக அமைவதில்லை. சாம்பல் நிறச் சாலையில் சாம்பல் நிற மேட்டைக் கண்டுகொள்வதே ஓட்டுநரின் வேலை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் ஸ்லிட் லேம்பில் காண்பது, புரையில் பட்டுப் பின்னோக்கித் திரும்பி வரும் ஒளி. உங்களைத் துன்புறுத்துவதோ, அதே புரையில் சிதறி முன்னோக்கிச் சென்று விழித்திரை முழுவதும் மூடுபனி போலப் பரவும் ஒளி. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பார்ப்பதற்கு லேசாகத் தோன்றும் புரை ஒருவரை முடக்குவதும், பெரிதாகத் தோன்றும் புரையோடு மற்றொருவர் நாளிதழை வரி விடாமல் படிப்பதும் இதனால்தான். புரையை அளப்பது ஒன்று, பார்வையை அளப்பது வேறொன்று என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

பின்னுறைப் புரை இந்த வகையில் மிகவும் பொல்லாதது. வெளிச்சம் கூடும்போது கண் பாப்பா சுருங்குகிறது. சுருங்கிய பாப்பாவின் நேர் பின்னால்தான் அந்தப் புரை உட்கார்ந்திருக்கும் என்பதால், வெயிலில் பார்வை குறைந்து, மங்கிய வெளிச்சத்தில் சற்றுத் தேறும். அருகில் படிக்கும்போதும் பாப்பா சுருங்கும் என்பதால் படிப்பதிலும் சிரமம் முன்கூட்டியே தெரியும். ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் எடுத்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த வகை இளம் வயதிலேயே வருகிறது. நீங்கள் அப்படிப்பட்ட மருந்து எடுத்ததுண்டா என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தேவையான சோதனைகள் இரண்டு. முதலாவது, எழுத்தின் அளவு மாறாமல் அதன் கருமை மட்டும் மூன்று மூன்று எழுத்தாக வெளிறிக்கொண்டே போகும் பெல்லி–ராப்சன் பலகை, 1988இல் வந்தது. இரண்டாவது, கண்ணருகே கூசும் ஒளியைக் காட்டியபடியே எழுத்துப் பலகையை வாசிக்கச் செய்வது. ஒளி இல்லாதபோது 6/9 வாசித்தவர் ஒளி பட்டதும் 6/24க்கு இறங்கினால், வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. அதுவரை இரவில் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இது புரைதானே?
— வாசகர்

பதில்: அவசியம் அப்படி இருக்க வேண்டியதில்லை. வயது கூடக்கூட லென்ஸ் ஒளியைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். நல்ல பார்வையுள்ள முதியவரின் கண்ணும் டார்ச் வெளிச்சத்தில் சாம்பலாகவே தெரியும். பாப்பா முழு வெண்மையாகத் தெரிந்தால் மட்டுமே டார்ச்சின் சாட்சியை நம்பலாம். மற்றபடி டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடமே கேளுங்கள்: ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா, படிக்கட்டின் விளிம்பு தெரிகிறதா என்று.

கேள்வி: ஒவ்வொரு முறையும் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். பிறகு பல மணி நேரம் படிக்க முடிவதில்லை. மருந்து விடாமல் புரையைப் பார்க்க முடியாதா?
— அலுவலகப் பணியாளர், வயது 59

பதில்: புரை இருப்பதைப் பெரும்பாலும் பார்த்துவிடலாம், அதன் முழு உருவத்தைப் பார்க்க முடியாது. சுருங்கிய பாப்பா சாவித் துவாரம் போன்றது. அதன் வழியே அறையின் நடுப்பகுதி தெரியும், மூலைகள் தெரியா. புறணிப் புரை ஓரத்திலிருந்தே தொடங்குவதால், பாப்பாவை விரிக்காமல் பார்த்துவிட்டு "புரை இல்லை" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு குறைவு.

விரித்த பிறகு இன்னொரு விதமாகவும் பார்க்கிறோம். ஒளியை நேராக உள்ளே செலுத்தினால், அது விழித்திரையில் பட்டுச் செம்மையாகத் திரும்பி வந்து, லென்ஸைப் பின்னாலிருந்து ஒளியூட்டுகிறது. அந்தச் செந்நிறத் திரையில் புறணிக் கோடுகளும் பின்னுறைத் துகள்களும் கரிய நிழல்களாக எழுந்து நிற்கும். மையக்கருவுக்குக் கீற்றொளி, மற்ற இரண்டுக்கும் இந்தப் பின்னொளி என்பதே முறை. அதோடு, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையையும் நரம்பையும் அதே மருந்தின் தயவில் பார்த்துவிடலாம். பார்வை மங்கியதற்குப் புரை மட்டும்தான் காரணமா என்ற கேள்விக்கு அங்கேதான் விடை கிடைக்கும்.

எழுத்து வாசித்தல், கண்ணாடிப் பவர், கண்ணழுத்தம், பாப்பா ஒளிக்குச் சுருங்கும் விதம் ஆகியவற்றை மருந்து விடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கருவிழிக்கும் பாப்பாவுக்கும் இடைப்பட்ட முன்னறையின் ஆழம் குறைந்தவர்களுக்குப் பாப்பா விரியும்போது அழுத்தம் திடீரென ஏறக்கூடும் என்பதால், அதையும் ஸ்லிட் லேம்பில் முதலில் கவனிப்பார்கள். மருந்தின் விளைவு பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் தணியும். அன்று வண்டி ஓட்டி வராதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிப் பாப்பா வெள்ளையாகிவிட்டது. "புரை பழுக்கட்டும்" என்று அவரே தள்ளிப்போட்டார். இப்போது அறுவைக்குச் சென்றபோது, நான்கு திசைகளிலிருந்தும் டார்ச் அடித்து "எங்கிருந்து வெளிச்சம் வருகிறது?" என்று கேட்டார்கள். பிறகு இமையில் ஜெல் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே கண்ணுக்கே தெரியும் புரைக்கு இத்தனை சோதனை எதற்கு?
— வாசகி, வயது 38

பதில்: கதவு மூடியிருப்பது தெருவிலிருந்தே தெரியும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

முற்றிய புரை, மருத்துவருக்கும் விழித்திரைக்கும் இடையே திரை போட்டுவிடுகிறது. லென்ஸை மாற்றிய பிறகு பார்வை வருமா என்பது விழித்திரையையும் பார்வை நரம்பையும் பொறுத்தது. அவற்றையோ நேரில் பார்க்க வழியில்லை. எனவே மறைமுகமாக விசாரிக்கிறோம். எத்தனை அடர்ந்த புரையானாலும் ஒளியைச் சிதறடிக்குமே ஒழிய முற்றாகத் தடுத்துவிடாது. ஆகையால் உள்ளே எல்லாம் நலமாக இருந்தால், விரல்களை எண்ண முடியாதவர்கூட வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தயங்காமல் சொல்லிவிடுவார். ஏதேனும் ஒரு திசையில் திரும்பத் திரும்பத் தவறினால், விழித்திரையின் அந்தப் பகுதி பிரிந்திருக்கிறதோ, கண்ணழுத்த நோயான குளுக்கோமாவால் நரம்பு நலிந்திருக்கிறதோ என்று ஐயப்பட வேண்டும்.

இதைவிட எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது, நோயாளி வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லாத ஒரு சோதனை. டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டி, பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பது. புரை மட்டுமே குறை என்றால் அந்தக் கண்ணில் ஒளி பட்டதும் பாப்பா ஒழுங்காகச் சுருங்கும். சுருங்க வேண்டிய நேரத்தில் விரிந்தால், குற்றம் நரம்பிலோ விழித்திரையில் பெரும்பகுதியிலோ இருக்கிறது. அதைப் புரையின் தலையில் சுமத்தக் கூடாது. கருவிச் செலவில்லாத சோதனை இது. ஆனால் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஜெல் தடவி எடுத்தது பி ஸ்கேன் எனப்படும் ஒலி அலைப் படம். ஒளி நுழைய முடியாத இடத்தில் ஒலி நுழையும். விழித்திரை பிரிந்திருக்கிறதா, உள்ளே இரத்தக் கசிவோ கட்டியோ இருக்கிறதா என்பதை அது காட்டும். நுண்ணிய பார்வைக் குறையைக் காட்டாது. ஆகவே இத்தனையும் நன்றாக வந்தாலும், "பார்வை முழுமையாகத் திரும்பும்" என்று உறுதி தருபவரை நம்பாமல், "திரும்ப நல்ல வாய்ப்பிருக்கிறது" என்று சொல்பவரை நம்புங்கள்.

பழுக்கட்டும் என்ற பேச்சு, லென்ஸை உறையோடு முழுதாக எடுத்துவிடும் பழைய முறைக்கு உரியது. 1967இல் சார்லஸ் கெல்மன், புரையை ஒலியதிர்வால் பொடித்து உறிஞ்சும் முறையை அறிமுகப்படுத்தினார். அந்த முறைக்கு முற்றி இறுகிய மையக்கரு உதவியல்ல, தொல்லை. முற்றவிட்டால் லென்ஸ் உப்பிக் கண்ணுக்குள் சுரக்கும் நீரின் ஓட்டத்தை அடைப்பதும், லென்ஸிலிருந்து புரதம் கசிந்து அந்த நீரின் வடிகாலை அடைப்பதும், இரண்டு வழியிலும் கண்ணழுத்தம் ஏறி வலியோடு கண் சிவப்பதும் நிகழலாம். உங்கள் அப்பாவுக்கு அது வரை போகாதது நல்லதாயிற்று. மறு கண்ணையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகப் படிக்கக் கண்ணாடி போட்டவன் நான். இந்த ஆண்டு கண்ணாடி இல்லாமலேயே பொடி எழுத்து படிக்க முடிகிறது. பார்வை இளமைக்குத் திரும்புகிறதா?
— வாசகர், வயது 66

பதில்: உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை, ஆயினும் இது பெரும்பாலும் மையக்கருப் புரையின் வருகைச் செய்தி. மையக்கரு இறுகும்போது அதன் ஒளி விலக்கும் திறன் கூடுகிறது. கண் கிட்டப் பார்வைப் பக்கம் நகர்கிறது. அதனால் அருகில் உள்ளவை தெளிவாகி, தொலைவில் உள்ளவை மங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவர் மாறிக்கொண்டே போனால், புதிய கண்ணாடி வாங்குவதற்கு முன் லென்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மஞ்சளாகும் மையக்கரு நீல ஒளியை வடிகட்டிவிடுவதும் உண்டு. அது மெல்ல மெல்ல நிகழ்வதால் பார்ப்பவருக்குத் தெரியாது. பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனேவுக்கு 1912இல் புரை கண்டறியப்பட்டது. 1923இல் வலது கண்ணில் அறுவை நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வரைந்த தோட்டக் காட்சிகள் சில செம்மையும் பழுப்புமாக மாறியிருப்பதை இன்றும் காணலாம். நிறங்களைக் குழாயின் மேலிருந்த பெயரை வாசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். உங்களுக்கு ஒரு கண்ணில் புரை கூடுதலாகவும் மறு கண்ணில் குறைவாகவும் இருந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடி வெள்ளைத் தாளைப் பாருங்கள். இரண்டு வெள்ளைகள் தெரியும்.

கேள்வி: புரை என்பது லென்ஸின் நோய் என்று எப்போது கண்டுபிடித்தார்கள்? ஏன் வருகிறது என்பதை மனிதர்களிடம் எப்படி ஆராய்கிறார்கள்? உயிரோடிருப்பவரின் லென்ஸை எடுத்துச் சோதிக்க முடியாதே!
— கல்லூரி மாணவி, உயிரியல்

பதில்: உங்கள் கேள்வி ஒன்றுக்கே ஓர் இதழ் போதாது. எனக்குப் பிடித்த சில செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

நெடுங்காலம், புரை என்பது லென்ஸுக்கு முன்னால் வழிந்து உறையும் ஒரு நீர் என்றே ஐரோப்பிய மருத்துவர்கள் கருதினார்கள். அருவி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அங்கே நோயின் பெயராயிற்று. தமிழில் புரை என்ற சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு. இடத்தைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்ன அந்தப் பெயர் தப்பித்துக்கொண்டது. 1705இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷெல் பிரிசோ, புரையோடு இறந்த ஒரு படைவீரரின் கண்ணில் அக்கால வழக்கப்படி ஊசியால் புரையைத் தள்ளிவிட்டு, பின் கண்ணைத் திறந்து பார்த்தார். தள்ளப்பட்டுக் கிடந்தது கலங்கிய லென்ஸ்தான். அறிஞர் சபை அவரை உடனே நம்பவில்லை.

லென்ஸில் இரத்தக் குழாய் கிடையாது. அதன் இழைகளான உயிரணுக்கள் முதிரும்போது தம் உட்கருவையே இழந்துவிடுகின்றன. ஒளி தடையின்றிச் செல்ல அந்த இழப்பு தேவை. ஆனால் உட்கரு போனபின் பழுதுபட்ட புரதத்தைப் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியாது. மரம் வளையம் போடுவது போலப் புதிய இழைகள் வெளியே சேர்ந்துகொண்டே போக, நடுவில் இருப்பது நாம் பிறப்பதற்கு முன் உருவானதாகவே தங்கிவிடுகிறது. இதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2008இல் அழகாக மெய்ப்பித்தார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் ஏறிப் பின் இறங்கியது. லென்ஸின் மையத்தில் உள்ள கிரிஸ்டலின் புரதத்தில் அந்தக் கரிமத்தை அளந்தால், அந்த மனிதர் பிறந்த ஆண்டை நெருக்கமாகச் சொல்லிவிட முடிந்தது. எண்பது வயதுக்காரரின் லென்ஸ் மையத்தில் இருப்பது எண்பது வயதுப் புரதம். அது மஞ்சளாகித் திரள்வதில் வியப்பென்ன!

காரணங்களைத் தேட, ஏராளமானோரின் புரையை ஒரே அளவுகோலால் அளந்து, அவர்கள் வாழ்ந்த விதத்தோடு ஒப்பிடுகிறார்கள். முதல் கேள்விக்கு எழுதிய மாதிரிப் படங்களின் உண்மையான பயன் இங்கேதான். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகில் தொழில் செய்த 838 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியான முடிவு ஓர் எடுத்துக்காட்டு. ஒவ்வொருவரும் எந்தெந்த ஆண்டில் எத்தனை நேரம் வெயிலில் இருந்தார், தொப்பி அணிந்தாரா என்பது வரை கேட்டுக் கணக்கிட்டார்கள். புற ஊதா பி கதிர் பட்ட அளவு இரட்டிப்பானால் புறணிப் புரையின் வாய்ப்பு 1.6 மடங்காயிற்று, மையக்கருப் புரைக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை. வகை பிரிக்காமல் "புரை உண்டா, இல்லையா" என்று மட்டும் எண்ணியிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. புகை பிடித்தலோ பெரும்பாலும் மையக்கருவைத் தாக்குகிறது.

மரபின் பங்கை அறிய இரட்டையரைப் பார்த்தார்கள். 506 பெண் இரட்டையர் இணைகளிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், மையக்கருப் புரையில் காணும் வேறுபாட்டின் 48 விழுக்காடு மரபினால் என்று கணக்கிட்டார்கள். கீற்றொளிப் படத்தை முன்னும் பின்னும் ஒருசேரத் தெளிவாக எடுக்கும் ஷைம்ஃப்ளுக் கேமரா இத்தகைய ஆய்வுகளுக்குப் பெருந்துணை. படத்தின் வெண்மையைக் கணினியே அளந்துவிடுவதால் இருவர் திருத்திய விடைத்தாள் என்ற சிக்கல் குறைகிறது. ஆனால் அதுவும் பின்னோக்கித் திரும்பும் ஒளியைத்தான் அளக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து வந்துவிட்டது என்கிறார்களே? சத்து மாத்திரையாவது பயன்படுமா?
— பலர்

பதில்: மனிதர்களின் புரையைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து இல்லை. 2015இல் லானோஸ்டிரால் என்ற பொருள் நாய்களின் புரையைத் தெளிவாக்கியதாக ஓர் ஆய்வு வெளிவந்து பெரும் ஆவலைத் தூண்டியது. பிறகு, அறுவையில் எடுத்த மனித லென்ஸ் மையங்களை அந்தக் கரைசலில் ஊறவைத்துப் பார்த்தபோது அவை தெளியவில்லை. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவற்றை மிகுந்த அளவில் கொடுத்து, லென்ஸ் படங்களைப் பல ஆண்டுகள் ஒப்பிட்ட, ஏரெட்ஸ் என்ற அமெரிக்கக் கண் ஆய்வு, புரையின் வளர்ச்சியில் வேறுபாடில்லை என்று 2001இல் அறிவித்தது. இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது, புரையை எதனால் அளந்தார்கள், எத்தனை காலம், யார் கண்ணில் என்று மூன்றையும் தேடுங்கள். விளம்பரங்களில் மூன்றும் இருக்காது.

கேள்வி: அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தை அளந்தார்கள். திருப்தியில்லை என்று மறுநாளும் வரச் சொன்னார்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவைக்கவும் சொல்கிறார்கள். இவ்வளவு கெடுபிடி தேவையா?
— வாசகி, வயது 61

பதில்: தேவை. அகற்றும் லென்ஸுக்குப் பதிலாக உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை இந்த அளவுகளே முடிவு செய்கின்றன. 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாக மனிதக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸை வைத்தபோது, அந்த நோயாளிக்குப் பவர் மிகவும் கூடிப்போய் கடுமையான கிட்டப் பார்வை வந்தது. கருத்து வென்றது, கணக்கு பிசகியது.

கண்ணின் நீளம் சராசரியாக 23 முதல் 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், பவரில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை பிழை வரும். ஒளியால் அளக்கும் கருவி கண்ணைத் தொடாமல் மிக நுணுக்கமாக அளக்கும். புரை மிக அடர்ந்திருந்தால் அதன் ஒளி ஊடுருவாது என்பதால் ஒலி அலைக் கருவிக்குப் போக வேண்டும். அதன் முனையைக் கருவிழியில் சற்று அழுத்திவிட்டாலும் கண் குட்டையாகப் பதிவாகும். அடுத்து, கருவிழியின் வளைவு. கான்டாக்ட் லென்ஸ் அந்த வளைவை அழுத்தி மாற்றிவைத்திருக்கும். பழைய வடிவம் திரும்ப நாட்கள் ஆகும், கடின வகையானால் வாரங்களும் ஆகும். கண்ணீர்ப் படலம் வறண்டிருந்தாலும் அளவு ஆடும். இரண்டு கண்களின் நீளமும் பெரிதும் வேறுபட்டாலோ, ஒரே கண்ணில் அளவுகள் ஒத்துப்போகாவிட்டாலோ மறுநாள் வரச் சொல்வது நல்ல மருத்துவமனையின் அடையாளம்.

உங்கள் கணவரும் அறுவைக்கு ஆயத்தமாகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். புராஸ்டேட் தொல்லைக்காக டாம்சுலோசின் போன்ற மாத்திரை எடுப்பவரானால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மருந்து பாப்பாவைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி, அறுவையின் நடுவே அது துவளச் செய்யும். முன்பே தெரிந்தால் அதற்கேற்ப ஆயத்தமாகலாம்.

கேள்வி: பேத்திக்கு நான்கு மாதம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் தெரிகிறது. குழந்தைக்கும் புரை வருமா? வளர்ந்த பின் பார்த்துக்கொள்ளலாமா?
— தாத்தா ஒருவர்

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல், வந்த அன்றே உடனடியாகக் கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுமாறு பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

குழந்தைக்கும் புரை வரும். மரபினாலும், வளர்சிதை மாற்றக் குறைகளாலும், தாய்க்குக் கருவுற்ற காலத்தில் வந்த சில தொற்றுகளாலும் வரும். ரூபெல்லா என்ற அம்மை கண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புரை வருவதை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் முதன்முதலில் எடுத்துக்காட்டினார். பெரியவரின் புரையை ஐந்தாண்டு கழித்து எடுத்தாலும் பார்வை திரும்புகிறது. ஏனெனில் அவருடைய மூளை பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. கைக்குழந்தையின் மூளை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு கண்ணிலிருந்து தெளிவான உருவம் வராவிட்டால் அந்தக் கண்ணையே அது ஒதுக்கிவிடும். பிறகு புரையை எடுத்தாலும் பார்வை சோம்பியே இருக்கும். பிறவியிலேயே ஒரு கண்ணில் அடர்ந்த புரை இருந்தால், முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அகற்றுவதே சிறந்தது என்பார்கள். பிறந்த குழந்தையின் கண்ணில் ஒளி காட்டிச் செம்மை தெரிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை அதற்காகத்தான்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புரையும் அல்ல. கண்ணின் கோணத்தால் படத்தில் அப்படி விழுவதுண்டு. விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியும் இப்படித்தான் தெரியும். எது என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பாப்பாவை விரித்து, தேவையானால் மயக்கத்தில் வைத்து, விழித்திரையின் ஓரம் வரை பார்த்தாக வேண்டும். அந்தப் படத்தை அழிக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும்.